இங்கிலாந்து பென்ஷனோடு பினாங்குக்குத் திரும்பினால் இங்கே வரி உண்டா?

லெஸ்டரில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, வரும் மார்ச்சில் ஜார்ஜ்டவுனுக்கே திரும்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் தாதிதான். 1973-இல் பட்டர்வொர்த்திலிருந்து போனவள், 2011-இல் திரும்பி வந்தேன். நான் கணக்காளர் இல்லை, அதனால் சட்டப் பிரிவு எண் கேட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம், பட்டதைத்தான் சொல்கிறேன்.

வெளிநாட்டு வருமானத்தை இங்கே, மலேசியாவுக்கு, கொண்டுவரும் தனிநபர்களுக்கு 2036 கடைசி வரை விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த வருமானம் வந்த நாட்டில் வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும், கேட்டால் அதற்குத் தாள் காட்ட வேண்டும்.

2021 அக்டோபர் பட்ஜெட்டில், ஜனவரி 1 முதல் இந்த விலக்கு கிடையாது என்று அறிவித்தார்கள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. கோலாலம்பூரில் ஒரு ஆலோசகர், "டிசம்பருக்குள்ள எல்லாத்தையும் கொண்டு வந்துடுங்கம்மா" என்றார். பேரன் படிப்புக்காக அங்கே போட்டிருந்த டெபாசிட்டை முதிர்வதற்கு முன்பே உடைத்து, வட்டியை இழந்து, வங்கி சொன்ன விலைக்கே பவுண்டை மலேசிய வெள்ளியாக (ரிங்கிட்) மாற்றினேன். டிசம்பர் 30-ஆம் தேதி, தனிநபர்களுக்கு விலக்கு தொடரும் என்று நிதியமைச்சு அறிவித்தது. மாற்றிய ரசீது அப்போதும் சாப்பாட்டு மேசைமேல்தான் கிடந்தது. யாராவது அவசரப்படுத்தினால் பணத்தை நகர்த்தாதீர்கள்.

அப்புறம் தாள் விஷயம். பென்ஷன் தருபவர்கள் வருடா வருடம் பி60 அனுப்புவார்கள், அந்த வருடம் தந்த பென்ஷனும் பிடித்த வரியும் அதில் இருக்கும். அது ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடியும், இங்கே கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, அதனால் இரண்டு பி60-ஐயும் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். இன்னொன்று, அரசு பென்ஷன் (சம்பளத்தில் பிடித்த தேசியக் காப்புறுதிப் பணத்துக்கு பிரிட்டிஷ் அரசு தருவது) வரி பிடிக்காமல் முழுசாகத்தான் வரும், அதற்குண்டான வரியை வேலை பார்த்த இடத்துப் பென்ஷனிலிருந்து சேர்த்துப் பிடிப்பார்கள். வங்கிக் கணக்கைப் பார்ப்பவர், இதற்கு வரியே கட்டவில்லையே என்பார். என்னிடம் கேட்டார்கள். பதில் பிரிட்டிஷ் வரி அலுவலகம் அனுப்பும் வரிக் குறியீட்டுக் கடிதத்தில் இருக்கிறது, வரியில்லா வரம்பில் அரசு பென்ஷனைக் கழித்துக் காட்டியிருப்பார்கள். மூன்று வருடக் கடிதங்களை நான் குப்பையில் போட்டிருந்தேன். நீங்கள் போடாதீர்கள்.

நீங்கள் கேட்டது வரி, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2011-இல் எனக்கு அரசு பென்ஷன் வாரம் 102.15 பவுண்ட். இன்றும் அதே 102.15. அதே பழைய பென்ஷனை அங்கேயே இருந்து வாங்கும் தோழிக்கு 2025 ஏப்ரலில் 176.45 ஆகிவிட்டது. மலேசியாவில் குடியிருந்தால் உயர்வு கிடையாதாம். என்னோடு ஒரே வார்டில் இரவு ஷிஃப்ட் பார்த்தவள் மணிலாவில் இருக்கிறாள், அவர்கள் நாட்டுக்கு பிரிட்டனோடு ஒப்பந்தம் உண்டு, அவளுக்கு வருடா வருடம் ஏறுகிறது. சம்பளத்தில் தேசியக் காப்புறுதிக்கு அவளிடம் பிடித்த மாதிரிதானே என்னிடமும் பிடித்தார்கள்? அங்கே சம்பாதித்தது போதாதா என்று கேட்பவர்கள், கட்டிய பணத்துக்குத்தான் கேட்கிறேன் என்று புரிந்துகொள்ளட்டும்.

நீங்கள் ஏற்கெனவே அரசு பென்ஷன் வாங்குகிறீர்கள் என்றால், கிளம்பும்போது இருக்கும் தொகையிலேயே அது நின்றுவிடும். உயர்வு ஏப்ரலில்தான் வரும். மார்ச் டிக்கெட்டை ஏப்ரல் கடைசிக்கு மாற்ற முடியுமா பாருங்கள்.