பம்ப் டிசைனிலிருந்து டெக்னிக்கல் சேல்ஸுக்கு: கையெழுத்துப் போடுவதற்கு முன்

தம்பி, வணக்கம். பம்ப் டிசைனில் ஆறு வருஷம், வெளிநாடு வந்து ஒன்றரை வருஷம். இப்போது கம்பெனியே டெக்னிக்கல் சேல்ஸுக்கு வரச் சொல்கிறது. அடிப்படைச் சம்பளம் குறையும், கமிஷன் சேர்ந்தால் மொத்தம் கூடும், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் எடுத்த எடுப்பில் டார்கெட் சுமக்கும் வேலைக்குப் போகாதீர்கள். ஒன்றரை, இரண்டு வருஷம் அப்ளிகேஷன் இன்ஜினியராக (அது என்ன வேலை என்று கீழே சொல்கிறேன்) இருந்துவிட்டு அதற்குப் போங்கள்.

முதலில் விசா. எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்காவில் எச்-1பி வேலை விசா என்றால், வேலையின் தன்மை கணிசமாக மாறும்போது கம்பெனி திருத்திய மனு போட வேண்டும். அதைப் போடாமல் விசிட்டிங் கார்டில் மட்டும் பதவியை மாற்றிக்கொள்ளக் கூடாது. இந்த வேலைக்குப் பொறியியல் பட்டம் ஏன் அவசியம் என்பதையும் அந்த மனு நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசா என்றால், தொழில் குறியீடு மாறும்போது அதே கம்பெனியாக இருந்தாலும் புதிதாக விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் புது வேலையைத் தொடங்கலாம். சம்பள வரம்புக்கு அங்கே உறுதியான அடிப்படைச் சம்பளம்தான் கணக்கு, கமிஷன் சேராது. உங்கள் அடிப்படை குறைகிறது என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கும். எச்.ஆர். வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் குடியேற்ற வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அப்ளிகேஷன் இன்ஜினியர் வேலை என்றால் வாடிக்கையாளரின் ஸ்பெக்கை (தனக்கு என்னென்ன வேண்டும் என்று அவர் எழுதித் தரும் ஆவணம்) படித்து, பம்பைத் தேர்ந்தெடுத்து, விலை போட்டு, கொட்டேஷன் தயாரிப்பது. டிசைனில் கற்றது அப்படியே கைகொடுக்கும். புதிதாகப் பழக வேண்டியது டீவியேஷன் லிஸ்ட். ஸ்பெக்கில் எதையெல்லாம் நாம் தரப்போவதில்லை என்று எழுதும் பட்டியல் அது. நாற்பதாவது பக்கத்தில் இரட்டை மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டு வழியாகத் திரவம் கசியாமல் தடுப்பது) கேட்டிருப்பார்கள். நீங்கள் ஒற்றை சீலுக்கு விலை போட்டு, பட்டியலில் அதைக் குறிக்காமல் விட்டால், ஸ்பெக்கை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். ஆர்டர் வந்த பிறகு அந்த வித்தியாசம் நம் லாபத்திலிருந்து போகும். பெயின்ட், அவர்கள் ஆள் நேரில் நின்று பார்க்கும் டெஸ்ட், ஆவணங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் அடிக்கடி தவறிப்போகிறவை.

டிசைனிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கேள்வி கேட்பதற்கு முன்பே விடை சொல்லிவிடுவார்கள். ஒரு வாடிக்கையாளர் சொல்கிறார்: "மணிக்கு 50 கன மீட்டர் தந்த பம்ப் இப்போது தருவதில்லை. 60 தரும் பம்புக்கு விலை கொடுங்கள்." உடனே பம்பின் செயல்திறன் வரைகோட்டை (கர்வ்) விரித்து மாடலைத் தேடாதீர்கள். எப்போதிலிருந்து குறைந்தது? ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா? சக்‌ஷன் (திரவம் உள்ளே வரும்) பக்கத்து கேஜ் முன்பு எவ்வளவு காட்டியது, இன்று எவ்வளவு? அங்கே இருக்கும் ஸ்ட்ரெய்னரை (வடிகட்டி) கடைசியாக எப்போது கழுவினார்கள்? திரவத்தின் வெப்பம் கூடியிருக்கிறதா? பம்புக்குள் ஜல்லியை உருட்டுவது போலச் சத்தம் கேட்கிறதா? ஸ்ட்ரெய்னர் அடைத்துக் கேவிடேஷன் (அழுத்தம் குறைந்து திரவத்தில் ஆவிக் குமிழிகள் உருவாகி உடைவது) வந்திருந்தால், பெரிய பம்ப் நிலைமையை இன்னும் மோசமாக்கும். அதே குழாயில் ஓட்டம் 50-லிருந்து 60 ஆனால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 44 சதவீதம் கூடும். உள்ளே வரும் பக்கத்தில் அந்த இழப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு, பம்புக்குக் கிடைக்கும் என்.பி.எஸ்.எச். (திரவம் ஆவியாகாமல் காக்கும் அழுத்த மிச்சம்) குறையும், தேவைப்படுவதோ பெரும்பாலும் கூடும். ஸ்ட்ரெய்னரைக் கழுவச் சொல்லிவிட்டு அன்றைக்கு ஒன்றும் விற்காமல் திரும்புங்கள். அடுத்த பிராஜெக்ட்டில் ஸ்பெக் எழுதும்போதே உங்களைக் கூப்பிடுவார்கள். அது கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று போகப்போகத் தெரியும்.

விலைக் கணக்கும் கைவர வேண்டும். அடக்கம் 70, விலை 100, மார்ஜின் 30 சதவீதம். "பத்து சதவீதம்தானே" என்று இறங்கிக் கொடுத்தால் லாபம் 30-லிருந்து 20 ஆகும். பழைய லாபத்தை எட்ட ஒன்றரை மடங்கு பம்ப் விற்க வேண்டும். அதனால் சும்மா குறைக்காதீர்கள். முன்பணம், நேரில் நின்று பார்க்கும் டெஸ்ட்டை விடுவது, நீண்ட டெலிவரி என்று பதிலுக்கு ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஆஃபர் லெட்டர். கமிஷன் எத்தனை சதவீதம் என்பதைவிட அது எப்போது உங்களுடையதாகிறது என்பதுதான் முக்கியம்: ஆர்டர் வந்ததுமா, இன்வாய்ஸ் போட்டதுமா, பணம் வசூலானதுமா? பெரிய பம்புகளில் விசாரணையிலிருந்து வசூல் வரை ஒரு வருஷம் தாண்டுவது சகஜம். ஆகவே முதல் வருஷம் கமிஷன் வராது என்றே குடும்பக் கணக்கைப் போடுங்கள். அந்தக் காலத்துக்கு முன்பணம் தருவதாகச் சொன்னால், பிறகு பிடித்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் உங்கள் பகுதியில் யார் யார்? பம்ப் நிற்பது உங்கள் பகுதியில், ஆர்டர் போடுவது வேறு ஊரில் என்றால் கமிஷன் யாருக்கு? வருஷ நடுவில் டார்கெட்டை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டா? நீங்கள் விலகிய பிறகு வசூலாகும் பணத்துக்குக் கமிஷன் உண்டா? இத்தனைக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

கடைசியாகப் பேச்சு. எதிராளி பேசும்போது நாம் "ஓகே, ஓகே" என்று சொல்வது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில். இங்கே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மாறிக் கேட்கும். "ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, அன்றே மின்னஞ்சலில் உறுதிசெய்யுங்கள். டெலிவரி கேட்டால் "முயற்சி செய்கிறேன்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அது வாக்குறுதியாகப் பதிவாகிவிடும். தொழிற்சாலையைக் கேட்டுவிட்டு, "வரைபடத்துக்கு ஒப்புதல் தந்த நாளிலிருந்து 14 வாரம்" என்று எழுதுங்கள். ஆர்டர் தேதியிலிருந்து என்று எழுதினால், அவர்கள் வரைபடத்தை ஐந்து வாரம் வைத்திருந்தாலும் தாமத அபராதம் நம் தலையில்தான் விழும்.