லேத் இல்லாமல் 1/25 டிராக்ஸ்டருக்கு உலோகப் பாகங்கள் செய்ய முடியுமா?

கேள்வி இது: 1/25 அளவில் ஒரு டிராக்ஸ்டர் (நேர்கோட்டில் ஓடும் பந்தயக் கார்) மாடல் கட்டுகிறேன், பெட்டியில் வந்த பிளாஸ்டிக் சேசிஸும் புகைக்குழாய்களும் பிடிக்கவில்லை, உலோகத்தில் நானே செய்ய நினைக்கிறேன், அதற்கு மினி லேத் (சின்னக் கடைசல் இயந்திரம்) வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். சக்கரம் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் லேத் இல்லாமல் செய்துவிடலாம். லேத்துக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல சால்டரிங் அயர்ன் ஒன்று, கையடக்க கேஸ் டார்ச் ஒன்று, மெல்லிய அரங்கள் நாலைந்து வாங்குங்கள். மீதியை வைத்துக்கொண்டு வீட்டில் நல்ல பெயர் எடுங்கள்.

நான் கோவையில் நகைப் பட்டறையில் வேலை கற்றவன். இப்போது தென்னாப்பிரிக்காவில், டர்பனில், நகை பழுதுபார்க்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வீடு சாட்ஸ்வர்த்தில். பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு காலத்தில் மாஸ்டா ரோட்டரி இன்ஜின் போட்ட காரை ஓட்டி டயரைக் கரைத்தவர். அவர்தான் என்னை முதல் தடவை தன் பக்கியில் ஏற்றிக்கொண்டு போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸ்ஸி ரேஸ்வேக்குக் கூட்டிப்போனார். (பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி. ஊரில் யாரையாவது பக்கி என்று சொன்னால் என்ன நடக்கும் என்று நான் விளக்கியதிலிருந்து, அவர் தன் வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.) அவருக்குத் தேவாரம் மனப்பாடம், பேச்சுத் தமிழ் கொஞ்சம்தான். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். கார் விஷயத்தில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அளவிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய டாப் ஃப்யூல் (இருப்பதிலேயே வேகமான வகை) டிராக்ஸ்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 300 அங்குலம். 25-ஆல் வகுத்தால் சரியாக 12 அங்குலம். அதாவது பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளம். அந்த நீளத்துக்கு 1.6 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் கம்பியை வைத்துப் பாருங்கள், இன்ஜின் ஏறியதும் நடுவில் தொங்கும். உலோகம் அழகுக்காக மட்டும் இல்லை என்பது அப்போது புரியும்.

குழாய் எங்கே கிடைக்கும்? மாடல் கடைகளில் பித்தளைக் குழாய் விற்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி, 1/32 அங்குலப் படிகளில் வரும். அது நல்ல சரக்கு. ஆனால் எனக்குப் பிடித்தது மருந்துக் கடையில் இருக்கிறது. நிஜ டிராக் காரின் ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டு) குழாய் 1⅝ அங்குலம், 41.3 மில்லிமீட்டர். அதை 25-ஆல் வகுத்தால் 1.65. 16-ஆம் எண் ஊசியின் வெளிவிட்டமும் 1.65! 18-ஆம் எண் ஊசி 1.27. அது 1¼ அங்குலக் குழாய்க்கு அப்படியே பொருந்தும். எண் கூடக் கூட ஊசி மெலியும், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பசை ஊற்றுவதற்கென்று முனை மழுங்கிய ஊசிகள் விற்கிறார்கள், அதை வாங்குவதுதான் உத்தமம். யாருக்கோ போட்ட ஊசியைத் தொடவே தொடாதீர்கள். ஊசி துருப்பிடிக்காத எஃகு என்பதால் ரம்பம் ஏறாது. வெட்டும் தகட்டைச் சுற்றும் மெஷினில் பொருத்தி அறுக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு.

அதனால் நீளத்துக்கு ஓடும் முக்கியக் குழாய்களைப் பித்தளையில் செய்தேன். சின்னத் துண்டுகளுக்கு ஊசி. பித்தளைக் குழாயை வெட்ட, கூர்மையான கத்தியை மேலே வைத்துக் குழாயை மேஜை மேல் உருட்டினால் போதும், சுற்றிலும் கோடு விழுந்து அந்த இடத்தில் ஒடியும். ஒரு குழாயின் முனை இன்னொன்றின் வயிற்றில் உட்கார வேண்டிய இடத்தில் எலிவால் அரத்தால் பிறை மாதிரி தேய்த்துவிடுங்கள். இதில் சோம்பல் படுகிறவர்கள்தான் அதிகம். இடைவெளியை ஈயத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். ஈயம் நிரப்பும், ஆனால் இணைப்பு பிள்ளையார் தொந்தி மாதிரி வீங்கித் தெரியும்.

இப்போது நான் பட்ட அவமானத்துக்கு வருகிறேன். முதல் சேசிஸை நகை வேலைக்காரன் புத்தியோடு செய்தேன். வெங்காரம் தடவி, வெள்ளிப் பற்றாசு வைத்து, பொடி வைத்து ஊதுகிற பழக்கத்திலேயே எல்லா இணைப்பையும் பற்றவைத்தேன். இணைப்புகள் ஒவ்வொன்றும் முத்து மாதிரி வந்தன. ஆறவிட்டுக் கையில் தூக்கினால் சேசிஸ் வெந்த நூடுல்ஸ் மாதிரி வளைகிறது. அப்போதுதான் உறைத்தது. வெள்ளிப் பற்றாசு உருக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூட்டில் பித்தளை இளகிவிடும், இழுத்துச் செய்த குழாயின் விறைப்பு போய்விடும். நகையில் அதுதான் நமக்கு வேண்டும், வளைக்க வசதி. சேசிஸில் அது சாபம். ஊரில் பார்த்த வேலையை அப்படியே இங்கே கொண்டுவந்து போட்ட குற்றம் என்னுடையது.

இரண்டாவது சேசிஸை 60/40 ஈயப்பற்றால் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) செய்தேன். அது 190 டிகிரிக்குள் உருகிவிடும், பித்தளையின் விறைப்பு அப்படியே இருக்கும். ஆனால் புதுத் தலைவலி: ஒன்பதாவது இணைப்பைப் பற்றவைக்கும்போது முதலாவது கழன்று விழுந்தது. 12 அங்குலக் குழாயில் சூடு ரயில் மாதிரி ஓடும். பற்றவைக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ஈரத் துணியைச் சுற்றி வையுங்கள், அல்லது தலைமுடி கிளிப்பைக் கவ்வ விடுங்கள், சூட்டை அது குடித்துவிடும். ஒரு இணைப்பு முடிந்தால் அடுத்ததைப் பக்கத்தில் செய்யாமல் எதிர் முனைக்குப் போங்கள். பெரிய அயர்னால் சட்டென்று தொட்டு எடுப்பது, சின்ன அயர்னால் நேரம் கழித்துக் காய்ச்சுவதை விட நல்லது. இது பலருக்கு நம்ப முடியாது, ஆனால் சூடு பரவ நேரம் கொடுக்காததுதான் சூட்சுமம்.

வரைபடத்தைக் காகிதத்தில் முழு அளவில் வரைந்து பலகையில் ஒட்டி, குழாய்களின் இரு பக்கமும் ஆணி அடித்துச் சிறைவைத்த பிறகே பற்றவைக்க வேண்டும். இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒரே ஆணிகளுக்கு நடுவில் வைத்துச் செய்தால் ஒன்று போல் இருக்கும். இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை.

பற்றவைத்து முடித்ததும் கழுவுங்கள். பற்று ஒட்டுவதற்காகப் பூசிய ஃப்ளக்ஸில் அமிலம் இருக்கும். டர்பன் கடலோர ஊர், காற்றிலேயே ஈரமும் உப்பும். என் இரண்டாவது சேசிஸில் பெயின்ட் அடித்து இரண்டு மாதத்தில் இணைப்புக்கு இணைப்பு பச்சைக் களிம்பு பூத்துக் கிளம்பியது. குத்துவிளக்குக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். புளித் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெந்நீரில் கழுவி, உலர்த்தி, மறுபடி பெயின்ட். பட்டறையில் பெரியவர் பற்றவைத்த நகையைப் புளியில் போடுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். இருந்தும் எப்படி மறந்தேனோ.

புகைக்குழாய்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. டாப் ஃப்யூல் காரில் பக்கத்துக்கு நான்காக எட்டுக் குழாய்கள், மேல்நோக்கியும் பின்நோக்கியும் சாய்ந்து நிற்கும். ஸூமி என்பார்கள். அவை காட்சிக்கு அப்படி நிற்கவில்லை, மேலே பீறிடும் புகையின் எதிர்விசை காரைத் தரையோடு அழுத்துகிறது. நான் 2.4 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் எடுத்தேன், நிஜத்தில் அது 60 மில்லிமீட்டர் ஆகும். அப்படியே வளைத்தால் நசுங்கிவிடும். இங்கேதான் முன்னே சொன்ன இளகல் வரமாகிறது. குழாயை மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சுங்கள். அறை விளக்கைக் குறைத்துக்கொண்டால்தான் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியும். ஆறவிடலாம், தண்ணீரில் போடலாம், பித்தளைக்கு இரண்டும் ஒன்றுதான். எஃகு வேலை தெரிந்தவர்கள் தண்ணீரில் போட்டால் கெட்டியாகிவிடும் என்று பயப்படுவார்கள், அது எஃகின் குணம். ஆறியதும் உள்ளே பொடி உப்பைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்து, 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பாகத்தைச் சுற்றி மெதுவாக வளையுங்கள். முடிந்ததும் வெந்நீரில் போட்டால் மெழுகும் போகும், உப்பும் கரையும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குழாய் வெளியேயும் வளையும், பின்னாலேயும் வளையும், அதனால் இடது வேறு, வலது வேறு. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எட்டையும் இடது பக்கத்துக்கே வளைத்து முடித்துவிட்டு, காபி குடித்துக்கொண்டு அழகு பார்க்கும்போதுதான் கண்டுபிடித்தேன்.

ஸ்பார்க் பிளக் கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 1/25-இல் 0.32 ஆகிறது. 30-ஆம் எண் எனாமல் செம்புக் கம்பி 0.315. துண்டுக் கம்பியைக் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். டாப் ஃப்யூல் இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக 16 கம்பிகள், அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு மேக்னெட்டோ. கண் வலிக்கும், ஆனால் பார்க்கிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

தகடுகளுக்கு நான் பயன்படுத்துவது பிரியாணி பார்சல் வரும் அலுமினியத் தட்டு. குளிர்பான டின் 0.1 மில்லிமீட்டர் வரும், நிஜ அளவில் அது இரண்டரை மில்லிமீட்டர் தகடு ஆகிவிடும், ரொம்பக் கனம். பார்சல் தட்டு இன்னும் மெலிது, இளக்கமும் கூட. சுருக்கங்களைக் கண்ணாடி மேல் வைத்து ஸ்பூன் முதுகால் தேய்த்து எடுத்துவிடலாம். தகட்டைப் பிடித்திருக்கும் வட்டத் திருகுகளுக்கு 21-ஆம் எண் ஊசியின் வாயைக் கூராக்கித் தகட்டில் குத்துங்கள். உள்விட்டம் அரை மில்லிமீட்டர், அந்த அளவில் வட்டத் துண்டு விழும். ஒன்று விழுந்து தொலைந்தால் தேட வேண்டாம், இன்னொன்று குத்திக்கொள்ளுங்கள். அலுமினியத்தை ஈயத்தால் பற்றவைக்கப் பார்க்காதீர்கள், ஒட்டாது. எப்பாக்ஸி போதும்.

சக்கரம் நீங்கலாக என்றேன் அல்லவா. பின் ரிம் நிஜத்தில் 16 அங்குலம், மாடலில் 16.26 மில்லிமீட்டர். கை டிரில்லை வைஸில் இறுக்கி, அலுமினியக் கம்பியை அதில் மாட்டி அரத்தால் கடைந்து பார்த்தேன். புல்லி மாதிரி சின்னது நன்றாகவே வரும். ரிம் அளவுக்குப் போனால் ஆடும். நான்கு செய்து நான்கையும் குப்பையில் போட்டேன். கடைந்த அலுமினிய ரிம்களை விலைக்கு வாங்குங்கள், அல்லது லேத் வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு வேளை சாப்பாடு போடுங்கள். கை டிரில்லில் எதைக் கடைந்தாலும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருங்கள்.

இன்ஜின் ஏன் ஓட்டுநருக்குப் பின்னால் என்று கேள்வியின் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். 1970-இல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுபாதையில் டான் கார்லிட்ஸின் கார் கிளம்பும்போது கால்களுக்கு நடுவே இருந்த டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மறு வருடம் இன்ஜினைப் பின்னால் வைத்த காரோடு வந்து ஜெயித்தார், கொஞ்ச காலத்தில் எல்லோரும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் 1960-களின் கார் கட்டுவதாக இருந்தால் இன்ஜின் முன்னால்தான், நீளமும் குறைவு, நான் சொன்ன 12 அங்குலக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

பெயின்ட் அடிக்காமல் எஃகு நிறம் வேண்டுமென்றால் முழு பித்தளைச் சேசிஸுக்கும் மெல்லிசாக ஈயம் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். தெருவில் "ஈயம் பூசறதேய்" என்று கூவிக்கொண்டு வந்தவர் அண்டாவுக்குச் செய்ததுதான். சூடு குறைவாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் இணைப்புகள் மறுபடி கழலும். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

எடுத்த எடுப்பில் சேசிஸில் கை வைக்க வேண்டாம். முன்பக்கம் அதிகமாகத் தூக்காமல் இருக்கப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வீலி பாரை முதலில் செய்யுங்கள். நான்கு குழாய், குறுக்கே மூன்று துண்டு, கடைசியில் குட்டிச் சக்கரம். வெட்டுவது, பிறை தேய்ப்பது, சூட்டைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அதிலேயே வந்துவிடும். கெட்டுப்போனால் ஒரு சாண் குழாய் நஷ்டம். எனக்கு மூன்றாவதுதான் சரியாக வந்தது.