க்ளோசர் பட்டமா, இரண்டு வருடச் சம்பளமா?

கேள்வி: என் மகளின் கணவர் அமெரிக்கர், மேஜர் லீக் பேஸ்பாலில் ரிலீஃப் பிட்சர். வயது 31. ஆறு வருட சர்வீஸ் முடித்து முதல் முறையாக ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் போடலாம்) ஆகியிருக்கிறார். 2026 சீசனுக்கு இரண்டு அணிகள் கூப்பிடுகின்றன. ஒன்று கலிஃபோர்னியா அணி: ஒரு வருடம், 65 லட்சம் டாலர், க்ளோசர் வேலை. முடித்துவைக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து இன்னும் 10 லட்சம் வரை போனஸ். ஆனால் போன வருடம் அந்த அணிக்குக் கடைசி இடம். இன்னொன்று டெக்சாஸ் அணி: இரண்டு வருடம், 1.2 கோடி டாலர் (முதல் வருடம் 55 லட்சம், அடுத்த வருடம் 65 லட்சம்). அங்கே எட்டாவது இன்னிங்ஸ் செட்-அப் வேலை. முதல் வருடம் முடிந்ததும் அவர் விரும்பினால் விலகிக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு முழங்கையில் ஆபரேஷன் நடந்தது. மாப்பிள்ளைக்கு க்ளோசர் ஆசை, மகளுக்கு டல்லாஸில் வீடு வாங்கும் ஆசை. எது நல்லது?
— டல்லாஸ் வாசகர்

பதில்: டெக்சாஸ் அணிதான் என் தேர்வு. ஆனால் இப்போதைய வடிவில் கையெழுத்துப் போடவேண்டாம். ஏஜென்ட் இன்னும் ஒன்றிரண்டு விஷயம் கேட்டுப் பார்க்கவேண்டும்.

பேஸ்பால் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், களைத்ததும் உள்ளே வருகிறவர்தான் ரிலீவர். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் சின்ன முன்னிலையைக் காப்பாற்றுகிறவர் க்ளோசர். நம் கிரிக்கெட்டில் இருபதாவது ஓவருக்கென்றே ஒருவரை வைத்திருப்பதுபோல. மூன்று ரன் அல்லது அதற்கும் குறைவான முன்னிலையோடு வந்து கடைசி இன்னிங்ஸைப் பத்திரமாக முடித்தால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ ஏறும். பெயர், புகழ், பேட்டி எல்லாம் அந்த சேவுக்குத்தான். அவருக்கு முன் வீசும் எட்டாவது இன்னிங்ஸ்காரர், அதாவது செட்-அப் ஆள், அதே அளவு கஷ்டமான வேலையைச் செய்துவிட்டு டக்-அவுட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

உங்கள் மாப்பிள்ளை முதலில் புரிந்துகொள்ளவேண்டியது: ‘நீதான் க்ளோசர்’ என்பது பேச்சில் வருவது, ஒப்பந்தத்தில் வருவதல்ல. இரண்டு ஆட்டத்தில் அடி வாங்கினால் மேனேஜர் அடுத்த நாளே வேறு ஆளை அனுப்புவார். ஒப்பந்தத்தில் நிற்பது கேரன்டித் தொகை, வருடங்கள், எதை எண்ணி போனஸ் தருவார்கள் என்ற ஷரத்து, அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை. மேஜர் லீக் விதிப்படி சேவ் எண்ணிக்கைக்கு போனஸ் தரக்கூடாது, பந்துவீச்சு சராசரிக்கும் கூடாது. எத்தனை ஆட்டம் வீசினார், எத்தனை இன்னிங்ஸ், எத்தனை ஆட்டத்தில் கடைசி ஆளாக நின்று முடித்துவைத்தார் என்பதுபோன்ற எண்ணிக்கைகளுக்குத்தான் தரலாம். அதனால்தான் க்ளோசர் ஒப்பந்தங்களில் ‘முடித்துவைத்த ஆட்டங்கள்’ என்ற கணக்கு வருகிறது. அணி ஜெயித்தாலும் தோற்றாலும் கடைசியாக வீசியவருக்கு அது சேரும்.

இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டவர் ஃப்ரான்சிஸ்கோ ராட்ரிகஸ். 2008-ல் ஒரே சீசனில் 62 சேவ் எடுத்து சாதனை படைத்தவர். அந்த டிசம்பரிலேயே நியூயார்க் மெட்ஸ் அவருக்கு மூன்று வருடத்துக்கு 3.7 கோடி டாலர் கொடுத்தது. அதில் ஒரு ஷரத்து: 2011-ல் அவர் 55 ஆட்டங்களை முடித்துவைத்தால் 2012-க்கு 1.75 கோடி டாலர் தானாக உறுதியாகும். ஜூலை நடுவில் அவர் கணக்கு 34. அப்படியே போயிருந்தால் 55 எளிதாக வந்திருக்கும். ஆல்-ஸ்டார் ஆட்டம் நடந்த அன்று இரவே மெட்ஸ் அவரை மில்வாக்கிக்கு டிரேட் செய்தது, அதாவது ஒப்பந்தத்தோடு அந்த அணிக்கு மாற்றிவிட்டது. அங்கே ஜான் ஆக்ஸ்ஃபோர்டு என்ற க்ளோசர் ஏற்கனவே இருந்தார். மெட்ஸில் அந்த வருடம் 23 சேவ் எடுத்தவருக்கு மில்வாக்கியில் ஒன்றுகூட இல்லை. 1.75 கோடி ஷரத்தைக் கைவிட்டு, வெளியேறும் தொகையில் (அடுத்த வருடம் வேண்டாம் என்றால் அணி தரவேண்டியது) 5 லட்சம் கூட வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனார். அவர் மோசமாக வீசியதால் அல்ல, எண்ணிய பொருள் அவர் கையில் இல்லாததால் போன பணம் அது.

ரயன் ப்ரெஸ்லி கதை இதற்கு நேர் எதிர். ஹூஸ்டனின் க்ளோசராக இருந்தபோது போட்ட ஒப்பந்தத்தில், 2023, 2024 இரண்டு வருடமும் தலா 50 ஆட்டங்களில் வீசினால் 2025-க்கு 1.4 கோடி டாலர் உறுதி என்று இருந்தது. எண்ணியது வீசிய ஆட்டங்களை. 2024 ஜனவரியில் ஹூஸ்டன் ஜாஷ் ஹேடர் என்ற க்ளோசரை ஐந்து வருடத்துக்கு 9.5 கோடிக்கு எடுத்ததும் ப்ரெஸ்லி எட்டாவது இன்னிங்ஸுக்கு இறங்கவேண்டியதாயிற்று. ஆனால் 50 ஆட்டம் தாண்டியது, 1.4 கோடி உறுதியானது. அப்புறம் 2025 தொடக்கத்தில், டிரேடை மறுக்கும் உரிமை கையில் இருந்தும், மறுபடி க்ளோசர் ஆகும் வாய்ப்புக்காகச் சிகாகோ கப்ஸுக்குப் போகச் சம்மதித்தார். அந்த வேலை சில வாரங்களில் கைமாறியது. ஜூலை முடிவில் அணியே அவரை நீக்கிவிட்டது. பட்டம் போனது, கேரன்டிச் சம்பளம் நின்றது.

இப்போது உங்கள் கலிஃபோர்னியா அணியைப் பாருங்கள். கடைசி இடத்தில் இருந்த அணி, ஒரு வருட ஒப்பந்தத்தில் ஒரு க்ளோசர். ஜூலையிலும் அணி கீழேயே கிடந்தால், அவர் நன்றாக வீசினாலே போதும், கோப்பைக்குப் போட்டியிடும் ஏதாவது ஒரு அணிக்கு அவரை அனுப்பிவிடுவார்கள். அங்கே வேறு க்ளோசர் இருப்பார். மோசமாக வீசினால் பட்டம் அங்கேயே போய்விடும். அதனால் அந்த 10 லட்சம் போனஸை நான் பாதியாகக்கூட மதிக்கமாட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் மாநில வருமான வரி 13.3% வரை போகும், டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது. அவர் டெக்சாஸ்வாசியாகவே இருந்தாலும் கலிஃபோர்னியாவில் வேலை செய்த நாட்களுக்கு அங்கே வரி உண்டு. சுமார் பாதி நாட்கள் என்று வைத்தால் 65 லட்சத்தில் 4 லட்சம் அப்படியே போகும். மிச்சம் 61. டெக்சாஸின் முதல் வருடம் 55. (டெக்சாஸ் அணியில் இருந்தாலும் வெளியூர் போய் ஆடும் நாட்களுக்கு அவர் வரி கட்டவேண்டும், அது சின்னத் தொகை.) ஆக, க்ளோசர் வேலையின் நிஜ லாபம் சுமார் 6 லட்சம். போனஸ் முழுசாக வந்தால் 15 லட்சம் பக்கம்.

அதற்காக விட்டுக்கொடுப்பது என்ன? இரண்டாம் வருடத்தின் 65 லட்சம். முழங்கை மறுபடி தகராறு செய்தாலோ வேகம் குறைந்தாலோ, அடுத்த குளிர்காலத்தில் அவருக்குக் கிடைப்பது மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) ஒப்பந்தமாக இருக்கலாம். மேஜர் லீக் குறைந்தபட்சச் சம்பளம் 2026-ல் 7.8 லட்சம். கொஞ்சம் தாராளமாக 15 லட்சம் கிடைக்கும் என்று வைத்தாலும் 50 லட்சம் நஷ்டம். அந்த 50 லட்சத்துக்கு எதிராக 6 லட்சம். அப்படிப்பட்ட வருடம் வர எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே டெக்சாஸ்தான் லாபம். போனஸ் முழுசாக வரும் என்று எடுத்துக்கொண்டாலும் பத்தில் மூன்று. ஆபரேஷன் ஆன முழங்கை, 31 வயது, வருடத்துக்கு வருடம் மாறும் ரிலீவர் தொழில். இதில் எட்டில் ஒன்றுக்கும் கீழே என்று நான் சொல்லமாட்டேன்.

நன்றாக வீசினால்? விலகும் உரிமைதான் இருக்கிறதே. ரஃபேல் சொரியானோ 2010-ல் டாம்பா பேயில் 45 சேவ் எடுத்தவர். அடுத்த ஜனவரியில் க்ளோசர் மரியானோ ரிவேராவுக்குக் கீழே எட்டாவது இன்னிங்ஸ் வேலைக்கு யாங்கீஸுக்குப் போனார். மூன்று வருடம், 3.5 கோடி, ஒவ்வொரு வருடமும் விலகும் உரிமையோடு. முதல் வருடம் சரியில்லை, அதனால் விலகவில்லை. 2012 மே மாதம் ரிவேரா முழங்காலில் அடிபட, சில நாளில் வேலை இவர் கைக்கு வந்தது. 42 சேவ். மீதி இருந்த 1.4 கோடியை உதறிவிட்டு வாஷிங்டனில் இரண்டு வருடத்துக்கு 2.8 கோடி வாங்கினார். அதில் பாதி பல வருடம் கழித்து வரும் பணம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

செட்-அப் என்றால் சந்தையில் மதிப்பு குறையும் என்று அவர் பயப்படலாம். ஆர்பிட்ரேஷன் காலத்தில் (ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் முன், சம்பளத் தகராறை நடுவர் தீர்க்கும் வருடங்களில்) சேவ் எண்ணிக்கைக்கு நல்ல மதிப்பு இருந்தது உண்மை. ஃப்ரீ ஏஜென்சியில் அணிகள் வேகம், ஸ்ட்ரைக்-அவுட் (பேட்ஸ்மேனைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட் ஆக்குவது), உடல்நிலை ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்கின்றன. 2024-ல் ஃபிலடெல்ஃபியாவில் 10 சேவ் மட்டும் எடுத்த ஜெஃப் ஹாஃப்மனுக்கு டொரான்டோ மூன்று வருடத்துக்கு 3.3 கோடி கொடுத்தது. அங்கே அவரே க்ளோசரும் ஆனார்.

இன்னொன்றும் இருக்கிறது. வீரர் சங்கத்துக்கும் லீக்குக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. கடந்த முறை முடிந்தபோது 99 நாள் லாக்-அவுட், அதாவது அணி உரிமையாளர்களே வேலையை நிறுத்திவைத்த கதவடைப்பு. 2021 டிசம்பர் 2 முதல் 2022 மார்ச் 10 வரை மேஜர் லீக் ஒப்பந்தம் எதுவும் போடமுடியவில்லை. ஒரு வருட ஒப்பந்தம் என்றால் அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் மறுபடி வேலை தேடவேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம் இருந்தாலும் ரத்தாகும் ஆட்டங்களுக்குச் சம்பளம் வராமல் போகலாம், ஆனால் வேலை இருக்கும். விலகும் முடிவையும் இதை மனதில் வைத்தே எடுக்கச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் டெக்சாஸிடம் கேட்கவேண்டியவை: வீசும் ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு, 50, 55, 60 என்ற படிகளில், போனஸ். முடித்துவைத்த ஆட்டக் கணக்கு வேண்டாம். வேறு அணிக்கு டிரேட் செய்தால் ஒரு தனித் தொகை. இரண்டாவது கிடைக்காமல் போகலாம், முதலாவது கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

வீட்டு விஷயம். மருத்துவப் பரிசோதனை முடிந்து அணி அறிவிக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம். மேலே சொன்ன ஹாஃப்மனுக்கே, டொரான்டோவுக்கு முன் இரண்டு அணிகளுடனான பேச்சு பரிசோதனைக்குப் பிறகு முறிந்ததாகச் செய்தி வந்தது. அடுத்து, 1.2 கோடியை வைத்து வீடு பார்க்காதீர்கள். மத்திய வரி, ஏஜென்ட் கமிஷன் 5% வரை, வெளியூர் வரிகள் எல்லாம் போனால் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 65 லட்சம் பக்கம்தான் கையில் நிற்கும். முதல் வருடத்துக்கு 30 லட்சம் போல. அந்தச் சம்பளமும் வழக்கமாக சீசன் நடக்கும் ஆறு மாதத்தில்தான் வரும். கடன் தவணை பன்னிரண்டு மாதமும் போகும். அக்டோபர் முதல் மார்ச் வரைக்கான தவணைகளை முதல் சம்பளத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டுவரச் சொல்லுங்கள்.