பதில்: ட்ரிப் ஏறும்போது அம்மாவுக்குக் கை வலி

வணக்கம் தங்கச்சி. பெகுவிலிருந்து ரங்கூன் வந்து ஆக்சாலிபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ளும் அம்மாவுக்கு, மருந்து ஏற ஏற மணிக்கட்டிலிருந்து தோள்வரை இழுக்கிறது, பாதியில் நிறுத்திவிடலாமா என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் அண்ணனுக்கும் இதே மருந்துதான்.

கை ரத்தக்குழாய் வழியாக இது போனால் வலிப்பது சகஜம். குளிர் பட்டால் கூடும். ஐஸ் வேண்டவே வேண்டாம். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, ஊசிக்கு மேலே கை முழுக்க வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், மரத்த கையில் சுட்டால்கூடத் தெரியாது. ஏசி காற்று நேராகப் படாமல் போர்த்திவிடுங்கள். வழியில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு கேட்டாலும் வாங்கித் தராதீர்கள், டீக்கடையில் சூடாக வெறுந்தேநீர் போதும்.

முக்கியமாக டாக்டரிடம் வேகத்தைப் பற்றிப் பேசுங்கள். வழக்கமாக 2 மணி நேரத்தில் ஏற்றுவதை 6 மணி நேரம்வரை நீட்டலாம். அண்ணனுக்கு அதில்தான் நிம்மதி கிடைத்தது. புறங்கையை விட முன்கையில் பெரிய ரத்தக்குழாய் கிடைத்தால் நல்லது. இன்னும் பல சுற்று பாக்கியிருந்தால், மருந்து ஏற்றுவதற்காக மார்பில் தோலுக்கடியில் வைக்கும் போர்ட் பற்றியும் கேளுங்கள். செலவுதான், ஆனாலும் கேளுங்கள்.

ஊசி குத்திய இடம் வீங்கினால், சிவந்தால், எரிந்தால் அது வேறு விஷயம். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசியலாம். உடனே நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லமாட்டார்கள், நீங்களே அடிக்கடி பாருங்கள். அன்றைக்கு அந்தக் கையில் தனக்கா மரப்பட்டைக் குழம்போ தைலமோ பூசவேண்டாம், சிவப்பு தெரியாமல் போய்விடும்.