மார்ச்சில் கேட்டாயிற்று, மே மாதம் என்ன பேசுவது?

கேள்வி: அம்மா, வணக்கம். எங்கள் ஊரில் 7 வருடமாகச் சின்னதாக ஓர் அறக்கட்டளை நடத்துகிறோம். அரசுப் பள்ளியில் படிக்கும் 60 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, கூடவே சுண்டலோ பயறோ கொடுப்போம். நன்கொடை தருகிறவர்கள் 200 பேர் இருப்பார்கள். மார்ச் மாதம் 80ஜி (நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும்) வரிச்சலுகையைச் சொல்லிக் கேட்டால் தருகிறார்கள். ஏப்ரல் பிறந்துவிட்டால் போனைக்கூட எடுப்பதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம் வாங்கக் கையில் காசு இருப்பதில்லை. வருடம் தவறாமல் கொடுத்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இந்த மார்ச்சில் தரவில்லை. கோடையில் இவர்களை எப்படி அணுகுவது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள தோழிக்கு,

உங்கள் மேல் அவர்களுக்குக் கோபம் எதுவும் இருக்காது. உங்கள் எண் போனில் தெரிந்ததும் "திரும்பவும் கேட்கப் போகிறார்கள்" என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான். போன முறை கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று சொல்வதற்குள் அடுத்ததைக் கேட்டுப் பழக்கிவிட்டோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு முறை ஒரு பெரியவர், "பணம் வேணும்னா மட்டும்தான் என் நினைப்பு வருமா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட வழக்கத்தைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்: பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை யாரிடமும் காசு கேட்காதீர்கள். ஆனால் எல்லோரிடமும் பேசுங்கள்.

பேசுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, வருமான வரிச் சட்டமே ஒன்றைக் கொடுத்திருக்கிறது. 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளை, போன நிதியாண்டில் நன்கொடை தந்தவர்களின் விவரத்தைப் வருமான வரித் துறை இணையதளத்தில், படிவம் 10பிடியில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் 10பிஇ சான்றிதழையும் அதே மே 31-க்குள் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணம். நீங்கள் ஏற்றாமல் விட்டால் கொடுத்தவருக்குச் சலுகையே போய்விடும் என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.)

பெரும்பாலான சின்ன அறக்கட்டளைகள் இதை ஆடிட்டர் வேலை என்று ஒதுக்கிவிடுகின்றன. நீங்கள் அப்படி விடாதீர்கள். ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். பான் எண் இல்லாதது, முகவரி பாதியில் நிற்பது, பெயரில் எழுத்து மாறியிருப்பது என்று நிச்சயம் பல இருக்கும். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். "சார், உங்க சான்றிதழ் சரியா வரணும், அதுக்காகக் கூப்பிட்டேன்" என்று ஆரம்பித்தால் யாரும் போனை வைக்க மாட்டார்கள். அவருக்கு வேண்டியதைச் செய்து கொடுக்கக் கூப்பிடுகிறீர்கள் என்று அவருக்கே தெரியும். அப்புறம் பேச்சு தானாக வரும். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அவரே கேட்பார்.

சான்றிதழை வெறும் பிடிஎஃபாக வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாமல், கூடவே நான்கு வரி உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அவர் தந்த 3,000 ரூபாய் எத்தனை நாள் சுண்டலுக்கு ஆயிற்று, எந்த வகுப்பு ஆசிரியைக்குச் சம்பளமாகப் போயிற்று என்று கணக்காகச் சொன்னால் போதும். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவர்களுக்கும், அரிசி பருப்பாகத் தந்தவர்களுக்கும் இல்லை. சலுகை இல்லாமலும் கொடுத்தவர்கள் இவர்கள். அந்த நான்கு வரி இவர்களுக்குத்தான் முதலில் போக வேண்டும். வரியை மட்டும் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் மார்ச் வசூலும் வருடத்துக்கு வருடம் குறையும் என்பது என் கணிப்பு.

சரி, ரிசல்ட் வந்தாயிற்று. இப்போது எதற்குக் கேட்பது? நோட்டுப் புத்தகம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிப்பதாகவும் சொல்கிறீர்கள். பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப் பை, பஸ் பாஸ் என்று வகுப்பைப் பொறுத்துப் பெரும்பாலானதை அங்கே அரசே தருகிறது. விவரம் தெரிந்தவர் இதைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? உள்ளதைச் சொல்கிறேன் தோழி, நோட்டு என்றால் கேட்பது எளிது என்பதால் நாம் எல்லோருமே அதைக் கேட்கிறோம். கோடையில் பிள்ளைகளுக்கு உண்மையில் இடிப்பது வேறு இடத்தில்.

ஒன்று, தவறிய பிள்ளைகள். ஒரு பாடத்தில் போனவர்களுக்கு அதே கோடையில் துணைத் தேர்வு வந்துவிடுகிறது. இடையில் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த நேரத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு கணக்கு ஆசிரியர் கிடைத்தால் அந்தப் பிள்ளை அந்த வருடமே கல்லூரிக்குப் போகும். இல்லையென்றால் வேலைக்குப் போய்விடும், பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும். இன்னொன்று, பாஸான பிள்ளைகள். அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பெரிய உதவிதான். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வரும் பணம். சேர்வதற்கு முன்னால் விண்ணப்பம், சான்றிதழ்களுக்கான அலைச்சல், முதல் தவணைக் கட்டணம், விடுதிக்கான முன்பணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அந்த மாதத்தில் வட்டிக்கு வாங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, ரிசல்ட் வந்த வாரத்தில் ஒரே ஒரு கடிதம். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் பாஸ், எத்தனை பேர் தவறினார்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள். தவறியதைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயப்படாதீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவருக்கு எதற்குப் பணம்? துணைத் தேர்வுக்கு இவ்வளவு, கல்லூரிச் சேர்க்கைக்கு இவ்வளவு என்று தொகையைப் போட்டுக் கேளுங்கள். மே மாதம் தாண்டாமல் அனுப்புங்கள். ஜூன் பிறந்தால் அவரவர் வீட்டிலும் பள்ளிக் கட்டணம் கழுத்தைப் பிடிக்கும். பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் படமும் மட்டும் வேண்டவே வேண்டாம். உதவி வாங்குகிற கையோடு ஒரு பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

மொத்தமாகத் தர முடியாதவர்களிடம் மாதம் 200, 300 ரூபாய் யூபிஐ ஆட்டோபேயில் (மாதாமாதம் தானாகவே பணம் வந்துவிடும்) போடச் சொல்லிப் பாருங்கள். இருபது பேர் சேர்ந்தால்கூட அடுத்த கோடையில் சுண்டல் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

விடுமுறையில் வகுப்பைப் பார்க்க வரலாமா என்று சிலர் கேட்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் மத்தியான வேளைக்கு அழைக்காதீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், குடும்பத்தோடு வரச் சொல்லி நீர்மோர் கொடுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளோடு கேரம் ஆடட்டும். வரிசையில் நிற்கவைத்து நன்றி சொல்ல வைக்காதீர்கள். யார் பேரில் கொடுக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு, அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள். பெரியபுராணத்தில் வரும் திங்களூர் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தலுக்குத் தன் பெயரையா வைத்தார்? நேரில் பார்த்திராத திருநாவுக்கரசர் பெயரைத்தானே வைத்தார். நம் ஊரில் இன்றைக்கும் அப்பாவின் திதி, பேத்தியின் பிறந்த நாள் என்றுதான் பெரும்பாலானோர் கொடுக்கிறார்கள். அந்தத் தேதியில் உங்களிடமிருந்து ஒரு போன் போனால் மறக்க மாட்டார்கள்.

ஜூன், ஜூலையில் அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தங்களிடம் மட்டும் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாகத் தரலாம். அங்கே குடியுரிமை வாங்கியவர் இங்கே வந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் நூறு ரூபாய்கூட வாங்காதீர்கள், சொந்த அத்தை மகனாக இருந்தாலும் சரி.

அந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் போன் செய்ய வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள். உடம்புக்கு முடியாமல் இருக்கலாம், வீட்டில் ஏதும் நடந்திருக்கலாம். ரசீதுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். துணைத் தேர்வுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் நல்லது என்று அவரிடம் யோசனை கேளுங்கள். வாத்தியார் அல்லவா, நிச்சயம் சொல்வார்.