மோஸ்கோவின் 28 புள்ளிகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) இறுதிப் போட்டிகளைத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2015 இறுதித் தொடரில் ஒரு விஷயம் புரியவில்லை. கிளீவ்லண்டுக்கு ஆடிய ரஷ்ய சென்டர் (ரிங்கடியில் ஆடும் உயரமான ஆள்) திமோஃபேய் மோஸ்கோவ் நான்காவது ஆட்டத்தில் 28 புள்ளி, 10 ரீபவுண்ட் (விழாத ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) எடுக்கிறார். ஐந்தாவது ஆட்டத்தில் அவரை மொத்தம் 9 நிமிடம்தான் இறக்கினார்கள். மறுவருடம் லேக்கர்ஸ் அணி அவருக்கு நான்கு வருடத்துக்கு 64 மில்லியன் டாலர் தருகிறது. ஒரே சீசனில் வேண்டாமென்று தள்ளிவிடுகிறது. இணையத்தில் அவர் பெயரைப் போட்டாலே எதிரணியின் பிளேக் கிரிஃபின் அவர் தலைக்குமேல் ஏறி, பந்தை ரிங்குக்குள் திணித்து அடித்த டங்க்தான் வருகிறது. இவர் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரரா, நட்சத்திர ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸ் பக்கத்தில் நின்றதால் பெயர் வாங்கினாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்ல ஆட்டக்காரர்தான். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. நீங்கள் கேட்ட 28 புள்ளியையும் 9 நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூடைப்பந்தில் சென்டர் என்ற இடமே அந்த ஒரு வாரத்தில் எப்படி மாறியது என்பது தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1986 ஜூலை 16 அன்று லெனின்கிராடில் பிறந்தவர். உயரம் 2.16 மீட்டர். பெயரை மாஸ்கோ நகரத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ரஷ்ய மொழியில் ‘மோஸ்க்’ என்றால் மூளை, பெயர் அதிலிருந்து வந்தது. மாஸ்கோவை ஒட்டிய கிம்கி ஊரின் அணிக்கு 2006 முதல் 2010 வரை ஆடினார். என்.பி.ஏ. டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாரும் அவரை எடுக்கவில்லை. 2010 கோடையில் நியூயார்க் நிக்ஸ் நேரடியாக ஒப்பந்தம் போட்டது.

ஐரோப்பாவில் வளர்ந்த சென்டர் அமெரிக்காவுக்குப் போனதும் முதலில் தடுக்கி விழுகிற இடம் ஒரு விதி. ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) ஆட்டத்தில் தடுக்கிற சென்டர் ரிங்குக்குக் கீழே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்.பி.ஏ.வில் கைக்கெட்டும் தூரத்தில் எதிராளி யாரும் இல்லாமல் பெயிண்டுக்குள் (ரிங்குக்கு முன்னால் உள்ள வண்ணக் கட்டம்) 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (தடுப்பில்லாமல் எறியும் ஷாட்), பந்தும் அவர்களிடமே இருக்கும். எனவே அங்கே சென்டர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். ஒன்று, இரண்டு, வெளியே ஒரு கால், மறுபடி உள்ளே. இந்தத் தாளம் பிடிபடாதவர் ஒவ்வொரு தடவையும் அரை அடி பிந்தி வருவார். பிந்தி வந்து குதித்தால் ஃபவுல். மோஸ்கோவின் முதல் மாதங்கள் அப்படித்தான் போயின. உங்களுக்கு எரிச்சல் தந்த அந்த டங்கும் அந்த மாதங்களில்தான் நடந்தது, 2010 நவம்பர் 20. அதைக் கடைசியில் பேசுவோம்.

2011 ஜனவரி 30 அன்று டெட்ராய்ட்டுக்கு எதிராக 23 புள்ளி, 14 ரீபவுண்ட். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட நியூயார்க் அவரை வைத்திருக்க முடியவில்லை. டென்வரின் நட்சத்திரம் கார்மெலோ ஆந்தனியை வாங்குவதற்காக டென்வருக்குக் கொடுத்த ஆட்களில் அவரும் ஒருவர். டென்வரில் நெடுநாள் வரிசையில் காத்திருந்தார். 2013–14 சீசனில்தான் வழி திறந்தது. 82 ஆட்டமும் ஆடினார். 2014 ஏப்ரல் 10 அன்று கோல்டன் ஸ்டேட் மைதானத்தில் 23 புள்ளி, 29 ரீபவுண்ட். 29 ரீபவுண்ட் என்பது லெப்ரான் பக்கத்தில் நின்று வாங்கிய பெயர் இல்லை. லெப்ரான் அன்று வேறு ஊரில், வேறு அணியில்.

அதற்கிடையே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ரஷ்யா வெண்கலம் வாங்கியது. அந்த அணியின் பயிற்சியாளர் டேவிட் பிளாட். அதே பிளாட்தான் 2014–15இல் கிளீவ்லண்டின் பயிற்சியாளர். ரிங்கைக் காக்க ஆளில்லாமல் அணி தத்தளித்தபோது, 2015 ஜனவரியில், முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் இரண்டைக் கொடுத்து மோஸ்கோவை வாங்கினார்கள். பெரிய விலை. கொடுத்த விலைக்கு அவர் வேலை செய்தார்.

என்ன வேலை? இதைத்தான் நெருக்கத்தில் பார்க்க வேண்டும். எதிரணி கார்டு (பந்தை ஓட்டி வருபவர்) பந்தோடு வருகிறார், அவருடைய ஆள் ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது தடுப்பவரின் வழியில் குறுக்கே நிற்கிறார். சென்டர் மேலே ஏறிப் போகாமல், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவே பின்வாங்கி நிற்பார். இதற்கு டிராப் என்று பெயர். இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையைப் பந்து வரும் பக்கமும் இன்னொரு கையை ரோல் ஆகி வரும் (ஸ்க்ரீன் வைத்துவிட்டு ரிங்கை நோக்கி ஓடி வரும்) ஆளின் பக்கமும் நீட்டி, பக்கவாட்டில் அடி வைத்து நகர வேண்டும். கால் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. தாண்டிய நொடியில் கார்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். கார்டு லே-அப்புக்கு (ரிங்கருகே ஓடிவந்து போடும் ஷாட்) துணிந்தால் இரண்டு கையையும் நேரே மேலே தூக்கி, நின்ற இடத்திலேயே குதிக்க வேண்டும். நெஞ்சில் மோதினாலும் நடுவர் விசில் ஊத மாட்டார். கை கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் ஃபவுல். இறங்கியதும் உடனே இரண்டாவது குதிப்பு, ரீபவுண்டுக்கு. இத்தனையையும் ஒழுங்காகச் செய்தால் எதிரணிக்கு மிஞ்சுவது நடுத்தூர ஷாட் ஒன்றுதான். ஆட்டத்திலேயே லாபம் குறைந்த ஷாட் அது. எண்களைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் கண்ணுக்கு இந்த வேலையில் பாதி தெரியாது. மோஸ்கோவ் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிய கார்டுகளை யாரும் கணக்கு வைப்பதில்லை.

2015 இறுதித் தொடருக்கு வருவோம். எதிரணி கோல்டன் ஸ்டேட். கெவின் லவ் தோள் காயத்தால் முன்பே வெளியே. கைரி இர்விங் முதல் ஆட்டத்தோடு முழங்கால் போய் வெளியே. இருந்தும் கிளீவ்லண்ட் 2–1 என்று முன்னே நின்றது. ஆட்டத்தை மெதுவாக்கி, லெப்ரானிடம் பந்தைக் கொடுத்து, மோஸ்கோவும் டிரிஸ்டன் தாம்ப்சனும் ரீபவுண்டை ஆள, இழுத்துப் பிடித்து ஆடினார்கள். நான்காவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் தன்னுடைய சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்துவிட்டு ஆண்ட்ரே இகுவோடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கினார். சென்டர் இடத்தில் டிரேமண்ட் கிரீன். இரண்டு மீட்டர்கூட இல்லாதவர்.

கிரீனுக்கு மேலே மோஸ்கோவ் எட்டிப் போட முடியும் என்பது கெருக்குத் தெரியாததா? தெரிந்தேதான் விட்டார். லெப்ரானைச் சுற்றி ஆளைக் குவித்தார்கள், மோஸ்கோவுக்குப் பந்து வந்தது, அவர் போட்டார், 28. அணி மொத்தம் எடுத்தது 82. மற்ற எல்லாரும் சேர்ந்து 54தான். மூன்று புள்ளி ஷாட்டில் கிளீவ்லண்ட் 27 முயற்சியில் 4. மறுமுனையில் என்ன நடந்தது என்று பாருங்கள். போகட் இருந்தவரை மோஸ்கோவுக்கு ரிங் அருகே நிற்க ஒரு காரணம் இருந்தது, அவருடைய ஆள் அங்கே இருந்தார். இப்போது ஐந்து பேரும் வெளியே. உள்ளே நின்றால் 3 விநாடி விதி. வெளியே போனால் ரிங் காலி. டிராப்பில் பின்வாங்கினால் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃபன் கரி ஸ்க்ரீனைத் தாண்டியதும் 7.24 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்தே எறிந்துவிடுவார். அவருக்கு அது நடுத்தூர ஷாட் மாதிரி. கரியை மறிக்க மேலே ஏறினால் பந்து கிரீனுக்கு ஃப்ரீ த்ரோ கோட்டருகே போகும், அங்கிருந்து நான்கு பேருக்கு மூன்று பேர். அந்த ஆட்டத்தில் இகுவோடாலா 22 புள்ளி. ஸ்கோர் 103–82.

ஐந்தாவது ஆட்டத்தில் பிளாட் தானும் சின்ன அணியை இறக்கினார். மோஸ்கோவ் 9 நிமிடம், புள்ளி இல்லை. ஆட்டம் 104–91 என்று கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனது. அந்த முடிவு தவறு என்றே நான் நினைக்கிறேன். சின்ன அணி ஆட வெளியிலிருந்து எறிகிறவர்கள் வேண்டும். லவ்வும் இர்விங்கும் இல்லாத அணியிடம் அது இல்லை. கையிலிருந்த ஒரே அனுகூலம் உயரம், அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு எதிரியின் ஆட்டத்தை எதிரியிடமே ஆடினார்கள். ஆறாவது ஆட்டத்தில் மோஸ்கோவ் திரும்பவும் இறங்கி 17 புள்ளி, 12 ரீபவுண்ட் எடுத்தார். அதற்குள் நேரம் கடந்திருந்தது. தொடர் முழுவதற்கும் அவருடைய சராசரி 14 புள்ளி.

அந்தக் கோடையிலேயே முழங்காலில் நீர்க்கட்டிக்குச் சிகிச்சை நடந்தது. டிராப் ஆடுகிற சென்டருக்கு முழங்கால்தான் முதல். மேலே சொன்ன பக்கவாட்டு அடியும் இரண்டாவது குதிப்பும் முழங்காலிலிருந்துதான் வருகின்றன. 2015–16 முழுக்க அந்த இரண்டாவது குதிப்பு பிந்தியே வந்தது. கண்ணால் பார்த்தாலே தெரியும். தாம்ப்சன் கார்டுகளை வெளியே போய் மறிக்கத் தெரிந்தவர், இடம் அவருக்குப் போனது. 2016இல் கிளீவ்லண்ட் கோப்பை வென்றபோது மோஸ்கோவ் இறுதித் தொடரில் ஆடியது சில நிமிடங்கள்தான். ஆனாலும் என்.பி.ஏ. கோப்பை வென்ற முதல் ரஷ்யர்கள் அவரும், அதே அணியிலிருந்த இன்னொரு சென்டர் சாஷா கவுனும்தான்.

64 மில்லியனுக்கு வருகிறேன். இதில் ஆட்டக்காரரைத் திட்டுகிறவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒன்பது வருடத்துக்கு 24 பில்லியன் டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் 2016–17இல் அமலுக்கு வந்தது. அணிகளின் சம்பள உச்சவரம்பு ஒரே வருடத்தில் 70 மில்லியனிலிருந்து 94.1 மில்லியனுக்குத் தாவியது. உயர்வைச் சில வருடங்களுக்குப் பரப்பலாம் என்று லீக் கேட்டது, ஆட்டக்காரர் சங்கம் மறுத்தது. உச்சவரம்பில் 90 சதவீதம் கட்டாயம் செலவழிக்க வேண்டும் என்று விதி வேறு. எல்லா அணியிடமும் காசு, சந்தையில் ஆள் குறைவு. வருடம் 16 மில்லியன் என்பது புதிய வரம்பில் 17 சதவீதம். பழைய 70 மில்லியனில் அதே பங்கு 12 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. அனுபவமுள்ள சென்டருக்கு அதிகம்தான், பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. அதே கோடையில் ஜோக்கிம் நோவாவுக்கு 72, பிஸ்மாக் பியோம்போவுக்கு 72, இயன் மஹின்மிக்கு 64 மில்லியன். எல்லாருமே சென்டர்கள், எல்லாம் நான்கு வருட ஒப்பந்தம். 2015 இறுதித் தொடரைப் பார்த்த பிறகும் அத்தனை அணிகளும் பழைய வகைச் சென்டருக்கே காசு கொட்டின. தவறு அங்கே இருக்கிறது.

லேக்கர்ஸின் புதிய பயிற்சியாளர் லூக் வால்டன், 2015இல் எதிரணி பெஞ்சில் துணைப் பயிற்சியாளராக இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். மோஸ்கோவ் 54 ஆட்டம் ஆடினார். அணி தோற்றுக்கொண்டே இருந்தது, சீசன் முடிவதற்குள் இளம் ஆட்களுக்காக அவரை ஒதுக்கினார்கள். 2017 ஜூனில் இளம் கார்டு டி’ஏஞ்சலோ ரஸ்ஸலையும் கூடச் சேர்த்து அவரை புரூக்ளினுக்குத் தள்ளி, பதிலுக்கு சென்டர் புரூக் லோபஸையும் முதல் சுற்றின் 27ஆவது டிராஃப்ட் வாய்ப்பையும் வாங்கினார்கள்.

இந்த லோபஸைக் கவனியுங்கள். அவரும் ரிங்கடியில் வளர்ந்த பழைய வகைச் சென்டர்தான். 2015–16 சீசன் முழுக்க அவர் எறிந்த மூன்று புள்ளி ஷாட் 14, விழுந்தது 2. அடுத்த சீசனில் 387 எறிந்து 134 போட்டார். பிறகு மில்வாக்கியில் அதே டிராப் தடுப்பை ஆடியே 2021இல் கோப்பை வென்றார். ஆகவே டிராப் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுமுனையில் எதிரணிச் சென்டரைக் கோட்டுக்கு வெளியே இழுக்கத் தெரிந்தால், இந்த முனையில் அவர் ரிங்கடியில் நிற்பதை அணி தாங்கிக்கொள்ளும். மோஸ்கோவுக்கு நடுத்தூரத்தில் ஓரளவு கை இருந்தது. ஆனால் அதை ஒன்றரை மீட்டர் பின்னால் கொண்டுபோக வேண்டிய வருடங்களில் அவர் முழங்காலோடு போராடிக்கொண்டிருந்தார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 ஜூலையில் சார்லட், அங்கிருந்து ஆர்லாண்டோ. 2018–19இல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கடைசி வருடச் சம்பளம் 16.72 மில்லியன் பாக்கியிருக்கும்போது விடுவித்தார்கள். மீதி வருடத்தை இரட்டித்து ஒன்றைக் கூட்டி, அத்தனை வருடத்துக்குத் தொகையைப் பரப்பலாம் என்று விதி இருக்கிறது. ஒரு வருடம் மூன்றாகும், வருடத்துக்கு 5.57 மில்லியன். அவர் கிம்கிக்கே திரும்பினார், மறுபடி முழங்கால், மறுபடி சிகிச்சை, அதற்குப் பிறகும் இறங்கி ஆடினார். கையில் அத்தனை காசு வைத்துக்கொண்டு ரஷ்ய லீக்கில் வலியோடு ஆடத் திரும்பியவரைக் காசுக்காக ஆடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, கிரிஃபின் டங்க். காணொளியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்க்ரீன் வைத்துவிட்டு கிரிஃபின் ரோல் ஆகி வருகிறார், பந்து நடுவில் அவர் கைக்கு வருகிறது, அவரைத் தடுக்க வேண்டியவர் பின்தங்கிவிட்டார். அந்த இடத்தில் ஒதுங்கி நின்றால் மோஸ்கோவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் ரிங்குக்கு முன்னால் போய்க் குதித்தார். கிரிஃபின் அன்று 44 புள்ளி எடுத்தார். ஆட்டத்தை வென்றது மோஸ்கோவின் நியூயார்க். இணையத்தில் ஓடும் துண்டில் ஸ்கோர் தெரியாது, 124–115.