மெட்ராஸ் ஐ என்று நினைத்தது, மூக்கிலிருந்து வந்தது

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஒரு வாரம் சளி பிடித்திருந்தது. பிறகு இடது கண் வீங்கியது. மருந்துக்கடையில் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மறுநாள் கடும் காய்ச்சல். இமையைத் திறக்கவே முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்து, ஸ்கேன் எடுத்து, ஊசி மருந்து ஏற்றிக் குணமாக்கினார்கள். "நந்தியாவட்டைப் பூவை வைத்திருந்தால் போதும், வீண் செலவு" என்கிறார் மாமியார். இது என்ன நோய்? மறுபடியும் வருமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, ஒரு காசும் வீணாகவில்லை என்று நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள். இது கண்குழிக்குள் கிருமி புகுந்து வரும் வீக்கம்; 'ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ்' என்பார்கள். நோய் புறப்பட்ட இடம் மூக்கு. மூக்கை ஒட்டிய சைனஸ் அறைக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது வெங்காயச் சருகு போன்ற எலும்பு. சளி முற்றிச் சீழ் கட்டினால் கிருமி அதைத் தாண்டிவிடும். கண்குழிக்கு முன்பக்கம் தவிர மற்ற பக்கங்களெல்லாம் எலும்புச் சுவர்; உள்ளே வீங்கினால் விழிதான் முன்னே தள்ளப்படும், பார்வை நரம்பு நசுங்கும். பார்வை பறிபோகலாம், மூளைச்சவ்வு வரைக்கும் கிருமி போகலாம். சொட்டு மருந்து அந்த ஆழத்துக்குப் போய்ச் சேராது. சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன்.

மெட்ராஸ் ஐயில் கண் சிவக்கும், உறுத்தும், பீளை தள்ளும். ஆனால் விழி நாலாபக்கமும் தாராளமாகச் சுழலும். கொசுக்கடியோ கட்டியோ வந்து இமை மட்டும் வீங்கினாலும் அப்படித்தான். ஆகவே இமையை மெல்லத் தூக்கி, தலையை அசைக்காமல் உங்கள் விரலைப் பார்வையால் பின்தொடரச் சொல்லுங்கள். விழி திரும்பவில்லை, திருப்பினால் வலிக்கிறது, முன்னே பிதுங்கி நிற்கிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனை. சிவப்பு மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணுக்கு நிறம் மங்கலாகத் தெரிந்தால் பார்வை நரம்பு திணறுகிறது. நம் பக்கத்தில் மருந்துக்கடைக்காரரே குடும்ப டாக்டர். அவர் கொடுக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கதை விபரீதமாகப் போகும். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது.

மறுபடியும் வருவது அரிது. வீட்டுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். சளி அடிக்கடி பிடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். முன்பெல்லாம் குழந்தைகளுக்கு இதைக் கொண்டுவந்ததில் ஹிப் கிருமிக்குப் பெரிய பங்கு உண்டு. 2011 டிசம்பரில் தமிழகத்துக்கு வந்த ஐந்து நோய்த் தடுப்பூசியில் அதற்கும் மருந்து இருக்கிறது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: தைராய்டு அளவு சரியாகிவிட்டது. கண்கள் மட்டும் இன்னும் பிதுங்கியே இருக்கின்றன. ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் பலன் இல்லையே?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: கிருமியே இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் என்ன செய்யும்? உங்கள் உடலின் எதிர்ப்புச் சக்தியே விழிக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பையும் தசையையும் தாக்குகிறது. ரத்தத்தில் அளவு சரியானாலும் கண் தன் போக்கில்தான் போகும். வீக்கம் அடங்க ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். கடிதத்தில் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: புகைப்பிடிப்பீர்களா? ஆம் என்றால் முதல் வைத்தியம் அதை விடுவதுதான். புகை இந்த நோயை முற்றவைக்கும், சிகிச்சையையும் மந்தமாக்கும். இரவில் இமை முழுதாக மூடாவிட்டால் கண் மருத்துவரிடம் களிம்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். பார்வை மங்காதவரை அறுவைச் சிகிச்சைப் பேச்சை வீக்கம் அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.